ஒன்பது பூரண உருண்டை

அணையை இடித்த வருஷம், மழைக்காலத்துக்கு முன்பு, தோமிகோவின் வீட்டு வாசலில் குரோகி வந்து நின்றார். முப்பது வருஷம் அந்த அணையில் மதகு அதிகாரியாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு நீர்த்தேக்கத்தின் கரையிலேயே வீடு கட்டி, தோட்டத்தில் சீமைப்பனிச்சைப் பழமரம் வைத்திருந்தார். இப்போது தேக்கம் வற்றிவிட்டது. தோட்டத்துக்குக் கீழே ஆறு வண்டலை அறுத்துக்கொண்டு ஓடியது.

“அணைக்கு முந்தி என் வீடு இருக்குற எடத்துல என்னம்மா இருந்துச்சு? நீங்க அந்தப் பக்கத்து ஆளாச்சே. அடியில பாறைதானே?”

ஓடைப்பள்ளம். சிறுமியாக அவள் நண்டு பிடித்த இடம். அறுபது வருஷ வண்டல் அதைத் தூர்த்து மேடாக்கியிருந்தது. ஆறு பழைய மட்டத்துக்கு இறங்க இறங்க, அந்த மேடு பொலபொலவென்று சரியும்.

“சின்னப் பிள்ளையில பாத்தது ஐயா. நான் என்னத்தக் கண்டேன்” என்று தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நாக்கு கூசவில்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு புயலன்று, குரோகி சொல்லாமல் மதகைத் திறந்தார். தேக்கத்தின் அடிச்சேறு அணைக்குக் கீழே இருந்த அவள் வீட்டுக்குள் இடுப்பளவு புகுந்தது. படுக்கையில் கிடந்த மாமியாரைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தார்கள். பத்து நாளில் போய்விட்டாள். ஊதாத் துணியில் சுற்றிய இனிப்புப் பெட்டியோடு வந்து குனிந்தார் குரோகி. “ஆறு செஞ்சதும்மா. மனுசன் என்ன பண்ண முடியும்?” உள்ளே ஒன்பது பூரண உருண்டை. ஒன்பதும் வேதனையும் அவர்களுடைய ஜப்பானிய மொழியில் ஒரே ஒலி. இழவு வீட்டுக்கு அந்த எண்ணிக்கையில் யாரும் எதுவும் தரமாட்டார்கள். கவனிக்காமல் வாங்கியிருப்பார். அவள் அப்படி நினைக்கவில்லை.

ஜூலையில் மழை கொட்டியது. செவ்வாயன்று சீமைப்பனிச்சை போனது. வியாழனன்று குளியலறை. சனிக்கிழமை வீடே பாதி ஆற்றில். குரோகி ஊர்க்கூடத்தில் தங்கினார்.

“பத்தா எடுத்துக்குங்கக்கா, ஒன்பது யாராச்சும் குடுப்பாங்களா?” என்றாள் இனிப்புக்கடைக்காரி.

“வாங்கிக்கிற ஆளுக்குப் புரியும்” என்றாள் தோமிகோ.

ஊர்க்கூடத்தில் தோமிகோ பெட்டியை நீட்டி, அன்று அவர் குனிந்த அளவுக்கே குனிந்தாள். “ஆறு செஞ்சது ஐயா. மனுசன் என்ன பண்ண முடியும்?”

குரோகி பெட்டியைத் திறந்தார். உதடு அசைய உருண்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“தெரிஞ்சேதான் சொல்லலையா?”

“மதகத் தெறக்கும்போது நீங்க சொன்னீங்களா?”

அணை மணலைத் தடுத்ததால் அறுபது வருஷமாக வெறும் பாறையாகக் கிடந்த அவள் வீட்டுக் கரையில் அந்த மாதம் மணல் வந்து ஒதுங்கியது. மணலில் அவருடைய சீமைப்பனிச்சை, வேர் மேலே, பச்சைக் காய்களோடு. அகற்ற ஆள் வந்தார்கள்.

“கெடக்கட்டும்” என்றாள் தோமிகோ. “கதவத் தெறந்தா தெரியுற எடத்துலதான் கெடக்கு.”