டி.வி. பெட்டிக்குள் ஒரு சடுகுடு

"வெள்ளைக் குதிரை கிளம்பிவிட்டது! அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, குதிரை மேலத்தெருக் கோட்டையை நோக்கிப் பாய்கிறது! மதிலில் மோதுகிறது! திரும்புகிறது! அய்யய்யோ, சின்னப்பன் பாடிக்கொண்டே குறுக்கே வந்து மறித்துவிட்டார்!"

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து மைக்செட் குப்புராஜின் குரல் கீழத்தெருவையே தூக்கி நிறுத்தியது. ராஜமேரி முறுக்கு அச்சை வாணலிக்கு மேலே அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டாள். எண்ணெயில் கிடந்த முறுக்குகள் சிவந்து, அதையும் தாண்டிக் கருக ஆரம்பித்தன. "அடியே, சட்டியப் பாரு! மனசெல்லாம் எங்க மேயுது?" என்று மாமியார் இன்னாசியம்மாள் போட்ட சத்தத்தில்தான் அவள் இந்த உலகத்துக்குத் திரும்பினாள். இன்னாசியம்மாளுக்கும் காது குழாய்ப் பக்கம்தான் இருந்தது என்பது வேறு விஷயம். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள் அரை மணி நேரமாக ஒரே வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சவேரியார் திருநாள் என்றால் அந்த ஊரில் பூசைக்கு அடுத்தபடி சடுகுடுதான். மேலத்தெருவும் கீழத்தெருவும் மோதும். எந்தத் தெரு ஜெயிக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் சாயங்காலம் சப்பரம் முதலில் போகும். முதலில் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு வாசலிலும் சப்பரத்தை நிறுத்தி, மாலை வாங்கி, மிளகும் உப்பும் வாங்கி, நகர்ந்து முடிய நேரம் பிடிக்கும். அடுத்த தெருவுக்குச் சப்பரம் வந்து சேரும்போது பிள்ளைகள் தூங்கி, மெழுகுவர்த்திகள் குட்டையாகி, பாதி வாசலில் ஆளே இருக்காது. அந்த அடுத்த தெரு எப்போதுமே கீழத்தெருதான். மேலத்தெருவில் சின்னப்பன் இருக்கும்வரை அது மாறப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மனிதர் பாட ஆரம்பித்தால் மூச்சு என்கிற ஒன்று அவருக்குத் தேவையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

இதில் ராஜமேரிக்கு என்ன வந்தது என்று கேட்டால், அவளுக்குத்தான் எல்லாமே வந்தது. புருசன் யாகப்பன் ஓசூரில் கம்பெனி வேலை. திருநாளுக்கு ஒரே ஒரு நாள் லீவு கொடுப்பார்கள். இருட்டும் நேரத்துக்கு பாப்பாரப்பட்டியிலிருந்து வரும் ஓசூர் பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போக முடியும். ஊரெல்லாம் புருசனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நின்று மிளகு உப்புத் தட்டைப் பிடிப்பார்கள். இவள் அரூர்ப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் மாமியாரோடு சேர்ந்து தட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "நல்ல சோடிம்மே நீங்க ரெண்டு பேரும்" என்று பக்கத்து வீட்டுச் செல்லி வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்பாள். ராஜமேரியும் சிரித்து வைப்பாள். உள்ளே போய் அடுப்பை ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரே ஒரு வருஷம், சப்பரம் வரும்போது அந்த மனிதர் இந்த வாசலில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இந்த வருஷம் மழை ஊற்றித் தள்ளிவிட்டது. சடுகுடுத் திடலில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, "சீட்டுக் குலுக்கிப் போட்ரலாம்" என்றார். இரண்டு தெருவும் சேர்ந்து எதிர்த்தது அன்றைக்குத்தான். "சீட்டுல ஜெயிக்கறது ஒரு ஜெயிப்புங்களா சாமி? மீசைய எதுக்கு வச்சிருக்கறோம்?" என்றார் சின்னப்பன். அப்போதுதான் யாருடைய கண்ணிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுதா கட்டியிருந்த தர்மனின் வீடியோ கேம் பட்டது.

தர்மன் பெங்களூரிலிருந்து திருநாளுக்குத் திருநாள் சுற்றுகிற ஆள். ஒரு டி.வி., ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து இழுத்துவிட்ட இரண்டு திருகுகள். திருகைத் திருகினால் டி.வி.யில் ஒரு கோடு மேலும் கீழும் நகரும். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவே ஓடுகிற ஒரு புள்ளி. நம் கோட்டைத் தாண்டிப் புள்ளி போய்விட்டால் நாம் அவுட். ஊரே ஒத்துக்கொண்டது. ஆனால் சின்னப்பன் மட்டும், "பாட்டு இல்லாம என்னத்த ஆட்டம்? வாய மூடிக்கிட்டு ஆடறதுக்கு நாம என்ன ஊமைங்களா?" என்று கிளப்பிவிட்டார். முடிவாக அவரே சட்டமும் எழுதினார். பாடிப் போகிறவர் திருகைப் பிடித்ததும் சடுகுடு பாட வேண்டும். மூச்சு அறுவதற்குள் புள்ளியை எதிராளி தாண்டவிட்டால் ஜெயிப்பு. மூச்சு அறுந்தாலோ, தன் கோட்டைப் புள்ளி தாண்டினாலோ தோற்பு. பிடிக்கிற பக்கம் வாயே திறக்கக் கூடாது, திறந்தால் பவுல், ஆட்டம் போச்சு. "பேடா சாமி, வேணாம்! கத்தி கித்தி என் பெட்டிய ஒடச்சிடாதீங்க" என்று தர்மன் கன்னடத்திலும் தமிழிலுமாகக் கெஞ்சினது யார் காதிலும் ஏறவில்லை.

டி.வி.யோ சின்னது. கூட்டமோ பெரியது. பார்க்க முடியாத சனத்துக்காக குப்புராஜ் மைக்கைப் பிடித்தார். அவர் நல்லம்பள்ளிக்காரர், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் ஊறின குரல். ஒரு கோட்டையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? புள்ளி குதிரையாயிற்று. கோடு கோட்டைக் கதவாயிற்று. கீழத்தெரு அருள்சாமி பாடிப் போனபோது கோட்டைக்கு அகழி வந்தது, அகழியில் முதலையும் வந்தது. ராஜமேரி முறுக்கைப் பிழியப் பிழிய அவள் அடுப்படியில் அந்த ராஜ்யம் முழுசாக எழுந்து நின்றது. குப்புராஜ் மூச்சு விடுகிற இடைவெளியில் பெட்டியின் சத்தமும் மைக்கில் விழுந்தது. கதவில் பட்டால் டொக். மதிலில் பட்டால் டிக். டொக், டிக், டொக். கோவிலில் பாட்டுக்குழுவை நடத்துகிறவள் அல்லவா, அவள் கால் பெருவிரல் தானாகத் தாளம் போட்டது.

"அருள்சாமி அவுட்டு! குதிரை வந்த வேகத்தில் அவர் ஒதுங்கி எகிறிக் குதித்தார், திருகும் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது! தர்மன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், பொறுத்தருள்க!"

தர்மன் திருகை மறுபடி மாட்டினான். மேலத்தெருவிலும் அதே கதைதான். திருகுக்குப் பதிலாகக் கழுத்தைத் திருப்பினவர் உண்டு, புள்ளியைப் பிடிக்க டி.வி. மேலேயே பாய்ந்தவர் உண்டு. அப்படி இப்படி இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. கீழத்தெரு பாடிப் போக வேண்டும், பிடிப்பது சின்னப்பன்.

"கீழத்தெரு சார்பில் கடைசியாக, ஓசூர் யாகப்பன்!"

ராஜமேரி அச்சைக் கீழே வைத்தாள். குழாயில் காற்றுப் போன டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"யாகப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது! மத்தியானத்திலிருந்து தன் தெருவுக்காகக் கத்தியதில் பாட்டே வரவில்லை! கீழத்தெருவில் இன்னும் ஆடாதவர் யாராவது இருக்கிறீர்களா?"

"பாத்தியாத்த உம் மவன!" என்றாள் ராஜமேரி. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இன்னாசியம்மாள் வெங்காயத்தைத் தூக்கி எறிந்தாள். "நின்னுக்கிட்டு என்னடி பாக்கற? ஓடு! முறுக்க நான் பாத்துக்கறன்!"

மாவுக் கையோடு சேறு தெறிக்க ஓடி வந்து, கூட்டத்தைப் பிளந்து உள்ளே போன ராஜமேரி டி.வி.யைப் பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். பின்னால் எட்டிக்கூடப் பார்த்தாள்.

"குப்புராஜண்ணா, குதிர எங்க?"

குப்புராஜ் மைக்கைக் கையால் பொத்தினார். "அந்தப் புள்ளிதாம்மா."

"கோட்ட?"

"அதக் கேக்காதம்மா. உள்ளத உள்ளபடி சொன்னா சனம் நிக்குமா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவி மனுசன், ஒரு சட்டி முறுக்கு கருகினது இந்த ஒத்தைப் புள்ளிக்காகவா! பெஞ்சின் ஓரத்தில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த யாகப்பன் அவளைப் பார்த்துக் கையை விரித்தான். குற்றம் செய்த பிள்ளை முகம். அவள் திருகைக் கையில் எடுத்தாள்.

"பொம்பள சடுகுடு பாடறதா? எந்த ஊரு நாயம் இது?" என்று மேலத்தெருவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"திடல்ல ஆடுனா கையப் புடிப்பீங்க, கால வாருவீங்க. இங்க யாரு யாரத் தொடப் போறீங்க? கோடு கோட்டத் தொடாது, புள்ளி யாரையும் தொடாது. நீங்களே சொல்லுங்க சாமி" என்றாள் ராஜமேரி.

சாமியார் தாடியைத் தடவினார். "சட்டத்துல ஆம்பளன்னு போட்டிருக்குதா சின்னப்பா?"

சின்னப்பன் பெரிய மனுசர். தன் சட்டத்தை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தார். "போடலைங்க சாமி" என்று மீசையை நீவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "வாம்மா. உம் பாட்டையும் கேட்ருவோம்."

ராஜமேரி மூச்சை இழுத்தாள். பெரிய பூசையில் நீட்டிப் பாடுவதற்கு முன் இழுப்பாளே, அந்த மூச்சு. "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று ஆரம்பித்தவளுக்கு ஆண்கள் மாதிரி உறுமத் தெரியவில்லை. தெரிந்தது ஒரே ராகம், புனிதர்கள் பேரை வரிசையாகச் சொல்லிக் கோவிலில் பாடுகிற மன்றாட்டு ராகம். அதிலேயே போட்டாள். சாமியார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

புள்ளி வந்தது. டொக். போனது. டிக். திரும்பியது. அவள் புள்ளியைப் பார்க்கவே இல்லை என்று பிற்பாடு சத்தியம் செய்தவர்கள் உண்டு. தாளத்துக்குத் திருகினாள், அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்கு ஒரு குணம், ஆட்டம் நீள நீளப் புள்ளிக்கு வேகம் கூடும். டொக்-டிக் டொக்-டிக் என்று அது ஓட்டமெடுக்க, மன்றாட்டும் ஓட்டமெடுத்தது. சின்னப்பனும் விடவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு, கண் பிதுங்க, ஒவ்வொன்றையும் திருப்பினார். குப்புராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார், வர்ணனை மறந்துபோய்விட்டது. குழாய் செத்துப்போனதைக் கண்டு தெருத்தெருவாகப் பெண்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள்.

அவள் நெஞ்சு எரிந்தது. காது இரண்டும் அடைத்தது. விட்டுவிடலாமா என்று தோன்றிய நேரத்தில் யாகப்பன் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பது கடைக்கண்ணில் பட்டது. சத்தம் வராத வாயால் அவனும் அவளோடு சடுகுடு சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம், என் ராசாவே, இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு இழுத்தாள்.

அப்போதுதான் கூட்டத்துக்கு இன்னொரு குரல் கேட்டது. அடியிலிருந்து, கட்டையாக, "சடுகுடு சடுகுடு சடுகுடு." எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். குரல் சின்னப்பனுடையது. பிறந்தது முதல் பாடிப் போயே பழகிய மனிதர், பிடிக்கிற பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ஆட்டத்தின் சூட்டில் வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டுவிட்டது. அவருக்கே தெரியவில்லை, சுகமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"பவுலு!" என்று தர்மன்தான் முதலில் அலறினான். அந்தச் சட்டத்தில் அவனுக்கு இருந்த அக்கறையெல்லாம் பெட்டி தப்பித்தது என்கிற சந்தோஷம்தான்.

சின்னப்பன் வாயைக் கையால் பொத்தினார். ஒரு கணம் ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அவரோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "என் வாயே எனக்கு எதிரியாப் போச்சே! எடுத்துக்கிட்டுப் போம்மா சப்பரத்த!" என்றார். அதற்குப் பிறகு குழாயில் வந்தது வர்ணனை இல்லை, குப்புராஜின் வெறும் கூச்சல்.

இருட்டுவதற்கு முன்பே ராஜமேரி வாசல் தெளித்து, குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு தட்டோடு நின்றுவிட்டாள். தட்டில் உப்பு, மிளகு, பக்கத்தில் மெழுகுவர்த்தி. தட்டின் ஒரு விளிம்பைத் தான் பிடித்துக்கொண்டு, மறுவிளிம்பைப் புருசனுக்காக விட்டிருந்தாள். கொட்டுச் சத்தம் நெருங்கியது. யாகப்பனைக் காணவில்லை.

"எங்கத்த போனாரு இந்த மனுசன்?"

"கோயிலுக்குத்தான்டி. ஜெயிச்ச தெரு ஆம்பளைங்கதானே சப்பரம் தூக்கணும்? உனக்குத் தெரியாதா?" என்றாள் இன்னாசியம்மாள்.

எப்படித் தெரியும்? அவள் வந்தபிறகு கீழத்தெரு ஜெயித்திருந்தால்தானே! ராஜமேரி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு மூச்சையும் கொட்டி, கடைசியில் மறுபடியும் மாமியாரும் மருமகளும்தானா? இன்னாசியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், தட்டின் அந்த விளிம்பைப் பிடிக்காமலேயே வீட்டுக்குள் போய்விட்டாள்.

சப்பரம் முனை திரும்பியது. பூவும் விளக்குமாகச் சவேரியார் ஆடி ஆடி வந்தார். அதற்குப் பின்னால், ரோட்டை அடைத்த கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, என்ஜினையே நிறுத்திவிட்டது. கண்டக்டர் இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான்.

சப்பரத்தின் முன் கொம்பில், தோளில் துண்டை மடித்து வைத்து, யாகப்பன். வேர்த்து ஊற்றிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, நேராக அவளைப் பார்த்தே வந்தான். சவேரியாரையே தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான்.

ராஜமேரி ஒரு கை மிளகு உப்பை அள்ளி வீசினாள். பாதி சவேரியார் பாதத்தில் விழுந்தது. மீதி யாகப்பன் தலையிலும் மீசையிலும் விழுந்தது. கொம்பைப் பிடித்த கைகளை எடுக்க முடியாமல் அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு, உதட்டில் ஒட்டிய உப்பை ஊதி ஊதித் தள்ளினான். அவள் இன்னொரு கை அள்ளினாள்.