சின்ன உருண்டை

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டில் ஆணி இறக்கியது போல வலி. மூன்று நாளாக ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. ஊரார் வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது என் பிழைப்பு. படகு, கேரவன், எதுவானாலும் என் லாரிக்குப் பின்னால் மாட்டி இழுப்பேன். அன்று இழுக்க வேண்டியிருந்தது என் தங்கையின் வீட்டை.

வீடு என்றால் இரண்டு சக்கரக் கேரவன். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மடக்கு மேசை. கூடாரம் அடிக்கிறவர்களுக்கான மைதானத்தின் ஓரத்தில் அதை நிறுத்தி, அவளும் அவள் புருஷனும் நாலு வருஷமாகக் குடித்தனம் செய்தார்கள். மைதானத்தை விற்றுவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே நிற்பது பழைய இரும்புக்குப் போகும். நான் போய்ச் சேர்ந்தபோதே பதினொன்றரை.

மாப்பிள்ளை வெல்டர். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன். கேரவனைத் தாங்கி நின்ற நாலு முட்டுக்கால்களையும் ஒவ்வொன்றாகத் திருகி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, பச்சப்புள்ளைக்கு நகம் வெட்டுற மாதிரி திருகுறீங்களே!"

"இதோ ஆச்சு மச்சான்."

ஏழு மாத வயிற்றோடு தங்கை படியில் உட்கார்ந்திருந்தாள். "வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போற அண்ணன் எனக்குத்தான் வாய்ச்சிருக்கு," என்று சிரித்தாள்.

"எழுந்து முன்னால வந்து உக்காரு."

"கால் வீங்கிப்போச்சுண்ணே. அவ்வளவு உயரம் ஏற முடியாது. இவரு பட்டறை மூணு கிலோமீட்டர்தானே? கட்டில்லயே படுத்துக்கறேன்."

இழுபடும் கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது. நூறு பேரிடம் கத்திச் சொன்னவன் நான். கடிகாரத்தைப் பார்த்தேன். "சரி, படு," என்றேன்.

லாரியைப் பின்னால் எடுத்தேன். கேரவனின் மூக்கில் ஒரு இரும்புக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அது லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டையின் மேல் உட்கார வேண்டும். உருண்டையில் இரண்டு அளவு உண்டு. முந்தின நாள் படகுக்காகச் சின்னதை மாட்டியிருந்தேன். பெரிய கிண்ணம் சின்ன உருண்டையிலும் உட்காரும், பூட்டும் விழும், கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மேட்டில் தூக்கிப் போட்டால்தான் கழன்றுகொள்ளும். மாற்றப் பத்து நிமிஷம் ஆகும். மூன்று கிலோமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை பூட்டில் பின்னைச் செருகிவிட்டு, இரண்டு சங்கிலிகளோடு கீழே குந்தினார்.

"அதெல்லாம் எதுக்கு? ஏறுங்க மாப்ளே!" ஹாரனை அழுத்தினேன்.

அவர் எழவில்லை. மூக்குக்கு அடியில் சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு லாரியில் மாட்டிய பிறகே வந்து ஏறினார். நாங்கள் வெளியேறியபோது காவலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு மேடு. லாரி இறங்கியது. பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் கேரவன் முகம் குப்புற, கோணலாக வருகிறது. மூக்கு தரையில் குத்தவில்லை. சங்கிலிகள் தொட்டில் மாதிரி அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. மெல்ல மெல்ல பிரேக்கை மிதித்தேன். லாரி நிற்பதற்குள் மாப்பிள்ளை குதித்து ஓடினார்.

தங்கை தரையில் உட்கார்ந்து கட்டில் காலைக் கட்டிப்பிடித்திருந்தாள். "அடுப்பு விழுந்துடுச்சு," என்றாள். பிறகுதான் அழுதாள்.

அவர் அவளைத் தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஜாக்கி போட்டு மூக்கைத் தூக்கி, சின்ன உருண்டையைக் கழற்றிப் பெரியதை மாட்டினேன். வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வேலை முடிந்து நிமிர்ந்தபோது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

"பூட்டுல பின்னை நான் சரியா போடல போல. என் தப்பு மச்சான், மன்னிச்சிடுங்க."

"பரவால்ல விடுங்க," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. கேரவன் பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. மாப்பிள்ளை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "என் கவனக்குறைவால இவளையே பறிகொடுக்கப் பார்த்தேன்." அதைச் சொல்லும்போது தங்கை அவரைக் குற்றம் சொல்வது போல ஒரு பார்வை பார்க்கிறாள். நான் அங்கே ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காருவதில்லை. லோடு இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறேன்.

உருண்டை சின்னது, தெரிந்தேதான் ஓட்டினேன். இதை நான் அவருக்குச் சொல்லியாக வேண்டும். இன்னும் சொல்லவில்லை.