இரண்டு கண்ணாடிக்கு இரண்டு மோட்டார்

மேட்டில் ஏறும்போது வைப்பர் நின்றுவிடும். இறக்கத்தில் பேய் பிடித்த மாதிரி ஆடும். அறுபது வயதைத் தாண்டிய அந்த ஜீப்பின் குணம் அது. அதன் வைப்பருக்குக் கரண்ட் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பில் ஓடுவது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்ததும் அந்த இழுப்பு செத்துப்போகும். காலை எடுத்தால் வைப்பர் ஓடும், ஆனால் வண்டி ஏறாது. இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும்.

மாட்டு டாக்டரம்மா பதினோரு வருஷமாக இந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்திவந்தாள். மலைமேலே இருக்கும் பண்ணைகளுக்கு வேறு வண்டி ஏறாது. அவள் ஒருத்திதான் போவாள், அந்த ஜீப் ஒன்றுதான் போகும்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் மேல்பண்ணையிலிருந்து போன் வந்தது. பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிஷத்துப் பாதை. முதல் வளைவிலேயே வைப்பர் படுத்துவிட்டது. தலையை வெளியே நீட்டி ஓட்டிப் பார்த்தாள். கண்ணில் மழைத்தண்ணீர்தான் நின்றது. நிறுத்தி, இறங்கி, துணியால் துடைத்து, மறுபடி ஏறி ஓட்டினாள். இப்படிப் பதினோரு தடவை. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கன்றை உயிரோடு இழுத்தெடுத்தாள். தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வீட்டம்மா கை கழுவ வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள், சோப்பையும் எடுத்துக் கொடுத்தாள். ஏன் லேட் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டாக்டரம்மாவுக்கு.

வீட்டுக்கு வந்ததும், பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணவனிடம் வைப்பரை மாற்றப்போவதாகச் சொன்னாள். அவர் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு பக்கமும் சரிபார்க்காமல் பேச மாட்டார்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"வண்டி அவரோடதா?"

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

வண்டி அவளுடையதுதான். மாமனார் கடைசிக் காலத்தில் ஒரு குளிர்காலக் காலையில் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஜீப்பை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெரியவர் அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். சின்னவர் பத்தே நிமிஷத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெளியே போய்விட்டு அப்போதுதான் திரும்பிய மருமகள், சோக்கை அரையளவு இழுத்து கால் ஸ்டார்ட்டரை ஒரே மிதி மிதித்துக் கிளப்பினாள். அந்த வாரமே ஆர்.சி. புக் அவள் பெயருக்கு மாறியது. பெரியவருக்கு, அதாவது அவள் அத்தானுக்கு, அது இன்றுவரை செரிக்கவில்லை.

அத்தான் பழைய வண்டிகள் சங்கத்தில் செயலாளர். வருஷத்துக்கு ஒருநாள் சங்கத்தின் ஊர்வலத்துக்கு ஜீப்பை எடுத்துப்போவார். முந்நூற்று அறுபத்து நாலு நாள் சாணியிலும் சேற்றிலும் புரண்ட வண்டி அந்த ஒருநாள் மட்டும் மெழுகு பூசிக்கொண்டு, மாப்பிள்ளைத் தோரணையில் முன்வரிசையில் போகும். அவளும் அதைத் தடுத்ததில்லை.

மறுநாளே ஃபியூஸைப் போய்ப் பார்த்தாள். ஆட்டோ எலக்ட்ரீஷியன். எந்த வண்டி வந்தாலும் முதலில் "ஃபியூஸ் போயிருக்கும்" என்பதால் அந்தப் பேர். சொந்தப் பேரை அவரே மறந்திருப்பார் என்று தெருவில் சொல்வார்கள்.

முதல் சிக்கல், வண்டி ஆறு வோல்ட். கடையில் கிடைப்பதெல்லாம் பன்னிரண்டு. பன்னிரண்டு வோல்ட் மோட்டாரை ஆறில் ஓட்டினால், மூக்குமுட்டச் சாப்பிட்டவன் எழுந்து நடக்கிற மாதிரி நகரும். ஃபியூஸ் தன் பரணிலிருந்து ஓர் ஆறு வோல்ட் மோட்டாரைத் தூசி தட்டி எடுத்தார். ஏதோ பழைய டிராக்டரிலிருந்து கழற்றியது. நன்றாகவே ஓடியது.

"இது செத்துப்போனா இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"தேடணும் டாக்டரம்மா."

"நீங்க தேடுற வரைக்கும் மாடு காத்திருக்குமா?"

ஃபியூஸ் அதைத் திரும்பப் பரணில் போட்டார். வண்டியையே பன்னிரண்டுக்கு மாற்றிவிடுவது என்று முடிவானது. பேட்டரி, டைனமோ, பல்புகள், ஹாரன் எல்லாம் மாறும். ஸ்டார்ட்டர் மட்டும் பழைய காலத்து இரும்பு, இரண்டு மடங்கு கரண்டையும் தாங்கிக்கொள்ளும் என்றார்.

அடுத்தது, ஒரு மோட்டாரா இரண்டா என்ற கேள்வி. ஜீப்பின் முன்கண்ணாடி நடுவில் சட்டம் வைத்து இரண்டு துண்டாக இருந்தது. சட்டத்தோடு சேர்த்து முன்னால் மடக்கி பானெட்மேல் படுக்க வைக்கலாம். ஒரே பெரிய மோட்டாரைக் கீழே வைத்துக் கம்பியால் இரண்டு வைப்பரையும் இணைத்தால் பலம் அதிகம், வேலையும் சுத்தம் என்றார் ஃபியூஸ். அவர் கை அந்தப் பெரிய மோட்டாரின்மேலேயே இருந்தது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அது நின்றால் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் அவிந்துபோகும். கண்ணாடி இரண்டு, மோட்டாரும் இரண்டு, சுவிட்சும் தனித்தனி என்றாள்.

சின்ன மோட்டார்களில் மூன்று வகையை மேஜைமேல் பரப்பினார். முதலாவது பளபளவென்று இருந்தது. ஆனால் அதன் தண்டு குட்டை; சட்டத்தின் கனத்தையும் ரப்பர் வாஷரையும் தாண்டி வந்ததும் நட்டுக்குப் பிடிக்க இரண்டு சுற்றுதான் மிச்சம். இரண்டாவது அழகாக ஓடியது, ஆனால் வீச்சு போதவில்லை. பூனை முகம் கழுவுகிற மாதிரி நடுவில் கொஞ்சம் துடைத்துவிட்டுத் திரும்பிவிடும். மூன்றாவது பார்க்கவே சகிக்காது. கறுப்பாக, கனமாக, மாவு மிஷின் மாதிரி இரைந்தது.

அவள் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து, தண்ணீர் விட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டாள். பிறகு தன் பூட்ஸ் அடியிலிருந்த சேற்றைச் சுரண்டிக் கண்ணாடியில் அப்பினாள். இரண்டாவது திணறி நின்றது. தொட்டால் சுட்டது. மூன்றாவது முனகியபடியே சேற்றைத் தள்ளி ஓரத்தில் ஒதுக்கியது. கன்றுக்குட்டியின் காதைத் தொட்டுப் பார்ப்பதுபோல அதை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. இதையே குடுங்க, மூணு. ஒண்ணு என் மருந்துப் பெட்டியில இருக்கட்டும்."

ஃபியூஸ் தலையைச் சொறிந்தார். சட்டத்தில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்கும், போட்டால் போட்டதுதான், அப்புறம் பழையபடி ஆகாது என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அவள்.

ஊருக்குள் எதுதான் ரகசியம்? சனிக்கிழமை ஃபியூஸ் டிரில்லைச் செருகும்போதே அத்தான் வந்துவிட்டார். கூடவே சங்கத் தலைவர், கையில் ஓர் அட்டைப் பெட்டியோடு.

தலைவர் மெதுவாகப் பேசுகிறவர். பெட்டியைத் திறந்து எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே அதே காலத்து, காற்று இழுப்பில் ஓடும் வைப்பர் மோட்டார், ஒருநாள்கூட ஓடாதது. சும்மாவே தருகிறேன், இதைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றார். ஓட்டை விழுந்துவிட்டால் வண்டியை முதல்வரிசையில் மட்டுமல்ல, சங்கப் பட்டியலிலேயே வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் அதே இதமான குரலில் சொன்னார்.

அவள் அந்த மோட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மையிலேயே அழகான பொருள்தான்.

"உங்க வண்டியை மழையில ஓட்டியிருக்கீங்களா சார்?"

"மழைன்னா ஷெட்டை விட்டே எடுக்க மாட்டேன்."

"அப்ப உங்க வைப்பருக்கு வேலையே இல்ல. வேலை இல்லாதது நல்லாத்தான் இருக்கும்." மோட்டாரைக் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

அத்தானுக்கு முகம் சிவந்தது. "அப்பா இந்த வண்டிய எப்படி வெச்சிருந்தார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தான். மழை வந்தா கையில துணியோட, தலைய வெளிய நீட்டிக்கிட்டு ஓட்டுவார். கழுத்துப் பிடிச்சுக்கும். தைலம் வாங்கிட்டு வந்தது நான்தான்."

"இதுல ஓட்டை விழுந்துச்சுன்னா, நான் இந்த வண்டியில ஏறவே மாட்டேன். உன் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன்."

ஃபியூஸ் டிரில்லைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் வாடிக்கை உள்ள மனிதர், அவர் என்ன செய்வார். டாக்டரம்மா கை நீட்டி டிரில்லை எடுத்துக்கொண்டாள்.

"நானே போடுறேன். நாளைக்கு யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டாளே தவிர, சட்டம் தனியாக நிற்கவில்லை. டிரில் முனை பட்டதும் குலுங்கி வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. அத்தான் லேசாகச் சிரித்த சத்தம் கேட்டது.

அவளோடு வந்திருந்து, அதுவரை சுவரோரம் நின்றிருந்த கணக்கு வாத்தியார் முன்னால் வந்தார். சட்டை முழுக்கையை மடித்தார். பானெட்டின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அண்ணனைப் பார்க்கவில்லை.

"இப்பப் போடு," என்றார்.

பச்சைப் பெயின்ட் சுருண்டு விழுந்தது, அதன்கீழ் செங்காவிப் பூச்சு, அப்புறம் வெள்ளை வெளேரென்று இரும்பு. முதல் ஓட்டை நகக்கண் அளவு இடதுபக்கம் தள்ளிப் போய்விட்டது. அரத்தால் ராவி அதைச் சரிசெய்தாள். இரண்டாவது ஓட்டை போடும்போது திரும்பிப் பார்த்தால் தலைவரும் இல்லை, அத்தானும் இல்லை. கணவனின் கைகள் சட்டத்தை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன. டிரில் நின்ற பிறகும் பிடி தளரவில்லை. அவள் அந்தக் கைகளைத் தன் கிரீஸ் கையால் ஒருநிமிஷம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த ஓட்டைக்குப் போனாள்.

எட்டு நாள் கழித்து மழை வந்தது. மலைமேல் ஒரு பசு வயிறு உப்பிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாத்தியாரும் கூடவே கிளம்பினார். இரண்டு மோட்டாரும் போட்ட கூச்சலில் அவர் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை. மேட்டில் அவள் பெடலைத் தரையோடு மிதித்தாள். வைப்பர்கள் ஒரே சீராக வீசிக்கொண்டேயிருந்தன. நாலாவது வளைவில் இடதுபக்கத்து வைப்பர் பட்டென்று நின்றது. ஏதோ ஒயர் கழன்றிருக்கும். வலதுபக்கம் ஓடியது. அவருக்குத்தான் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, அது போதும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாயுவை இறக்கியதும் பசு எழுந்து நின்றது.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று என்று. செயலாளர் கையெழுத்து அத்தானுடையது. அவள் அதைப் படித்துவிட்டு, பெறப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

ஊர்வல நாளன்று மலையிலிருந்து மறுபடியும் அழைப்பு. கடைத்தெரு முழுக்கப் பழைய வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. தூறல் போட ஆரம்பித்திருந்ததால், சொந்தக்காரர்கள் அவசர அவசரமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்கள். தொண்டர் ஒருவர் கை காட்டி, ஊர்வலம் முடியும்வரை நிற்கச் சொன்னார். அங்கே ஓர் ஆடு ரத்தம் இழந்துகொண்டிருக்கிறது, வழிவிடுங்கள் என்றாள். அவர் தயங்கிக் கயிற்றைத் தாழ்த்தினார்.

சேறு பூசிய ஜீப், மாவு மிஷின் சத்தத்தோடு இரண்டு வைப்பரையும் வீசிக்கொண்டு, போர்த்திய வண்டிகளுக்கு நடுவில் போனது. ஊர்வலம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். மேடையோரம் குடையின்கீழ் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் திருப்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தபடியே ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டு, மலைப்பாதைக்கு வண்டியைத் திருப்பினாள்.