முதல் சுற்று முடியாத கோப்பை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், சொல்பவன் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் சேர்ந்தாற்போல் உதிரட்டும். இதற்குமேல் சத்தியம் செய்யப் பல் இல்லை, கதைக்குப் போகலாம்.

குடிநீர் அலுவலகத்து ஃபிட்டர் தன் வீட்டு அடுப்படித் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஊர்க் குழாயெல்லாம் அவர் சொன்ன பேச்சு கேட்கும். வீட்டுக் குழாய் மட்டும் மூன்று மாதமாக ஒழுகியது. அப்போது அவர் மனைவி வந்து நின்றாள். கிடந்த இடத்திலிருந்து தெரிந்தது ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு பெட்டியின் அடிப்பாகமும்தான்.

“நான் தம்பி வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவே?”

“நீங்க எப்ப அந்தக் கையுறையைக் கழட்டுறீங்களோ, அப்ப.”

குடிநீர் அலுவலகக் கால்பந்து அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். இருபத்திரண்டு வருடத்தில் நான்கு விரல்கள் ஒடிந்து, ஒடிந்த வாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சட்டைப் பித்தானை அவளாகப் போட்டுவிட்டால்தான் உண்டு. தொட்டிக்கு அடியிலிருந்தே ஃபிட்டர் வாக்குக் கொடுத்தார்: “இந்தக் கோப்பையிலேருந்து எங்க டீம் வெளியேறுற அன்னைக்கே கழட்டிடுறேன். சத்தியம்.”

தேசியக் கோப்பை தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடும் வகை. குடிநீர் அணி இரண்டாம் சுற்றைக் கனவில்கூடக் கண்டதில்லை. ஊரில் அதை நம்பியே காரியங்கள் நடக்கும்: பல் பிடுங்கிக்கொள்வது, வீடு மாறுவது எல்லாவற்றையும் வீரர்கள் முதல் சுற்றுக்கு மறுநாள்தான் வைத்துக்கொள்வார்கள். முதல் சுற்றுக்குப் பதினொரு நாள் இருந்தது. அவள் பெட்டியில் எடுத்துவைத்திருந்ததும் பதினொரு நாள் துணி.

சீட்டுக் குலுக்கியதில் பஸ் டிப்போ அணி வந்தது. டிப்போவின் முன்கள வீரன், அவள் போய்ச் சேர்ந்திருந்த அதே தம்பி. பஸ் ஓட்டுபவன், ஆறடி. குலுக்கல் முடிந்த மறுநாளே ஃபிட்டரைத் தேடி வந்துவிட்டான்.

“மாமா, அக்கா வந்து நாலு நாள்தான் ஆச்சு. என் வீட்டுல என் செருப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டுடுது, லீவு நாள்லயும். ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணு போடுறேன், நீங்க விட்டுடுங்க. கூட்டிட்டுப் போயிடுங்க.”

“விடுறதுல எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், மச்சான். கவலைப்படாதே.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிடிக்க நினைத்த காலமெல்லாம் பந்து அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. விட நினைத்த அன்று அது அவரைத் தேடித் தேடி வந்தது. வேண்டுமென்றே தப்பான பக்கம் விழுந்தார். அந்தப் பக்கமே பந்தும் வந்தது. குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார்; முதுகில் பட்டுத் திரும்பியது. ஒருமுறை தும்மினார், தும்மிய வேகத்தில் உயர்ந்த கையில் வந்து உட்கார்ந்தது. மறுபக்கம், குடிநீர் அணியின் முன்கள வீரர்களுக்கு எதிரியின் கோல் எங்கே இருக்கிறது என்பதே செவிவழிச் செய்தி. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

அந்தக் கோப்பையின் விதிப்புத்தகம் அரதப் பழசு. சமமாக முடிந்தால் அடுத்த ஞாயிறு மறுபடி ஆட வேண்டும். யாராவது ஜெயிக்கும்வரை ஆட வேண்டும். ஆடினார்கள். பூஜ்யம். அதற்கடுத்த ஞாயிறும் பூஜ்யம். கோப்பை இவர்களுக்காகக் காத்திருக்குமா? மற்ற அணிகள் இரண்டாம் சுற்றை முடித்தன. இவர்களில் ஜெயித்தவரோடு மோத வேண்டிய சிமெண்ட் ஆலை அணி மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆடாமலே மூன்றாம் சுற்றுக்குப் போனது. காலிறுதி, அரையிறுதி, இறுதி எல்லாம் ஆயிற்று. யாரோ கோப்பையைத் தூக்கினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குடிநீரும் டிப்போவும் மட்டும் முதல் சுற்றில் நின்று உதைத்துக்கொண்டிருந்தன.

ஃபிட்டருக்குத் தலை சுற்றியது. சட்டையைப் பாதி பித்தானோடு மாட்டிக்கொண்டு, கோப்பையை நடத்தும் கால்பந்துச் சம்மேளன அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா பெரிய நோட்டைப் புரட்டினார்.

“நீங்க தோக்கல. அதனால வெளியேறல.”

“அப்ப உள்ளே இருக்கோமா?”

“கோப்பையே முடிஞ்சு போச்சே. எதுக்குள்ளே இருப்பீங்க?”

“அப்ப வெளியே?”

“தோத்தாத்தானே வெளியே?” என்ற குமாஸ்தா, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “சார், நீங்க வர்றதுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் புரிஞ்சுதான் இருந்தது.”

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொல்லி, “அப்ப வெளியேறிட்டதாவே வச்சுக்கலாமா?” என்று கேட்டார்.

“வச்சுக்கிறதா? சத்தியம் பண்ணது நீங்க. முறையாத் தோத்துட்டு வாங்க.” வைத்துவிட்டாள். அந்தக் குரலில் இருந்தது கோபமா, அடக்கிய சிரிப்பா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. வழியெல்லாம் அதையே யோசித்தார். இன்னொன்றும் உறுத்தியது. தெருவில் இப்போது முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று அவருக்குக் கைகொடுக்கிறார்கள். அவள் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தோற்கப் போகும்போதெல்லாம் கைகள் ஏன் பேச்சைக் கேட்பதில்லை? பிடிப்பது தானா, கைகளா? குழாயடியில் நின்று, யாரோ அடகு வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பதினான்காவது ஞாயிறு அவள் மைதானத்துக்கே வந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. நேராக வந்து கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டி நின்றாள்.

“இந்தக் கோட்டைத் தாண்டினா கோலா?”

“ஆமா.”

“இவ்வளவுதானா? இதுக்கா நாலு விரல்?”

பதில் சொல்வதற்குள் விசில். குடிநீர்த் தடுப்பாளர் ஒருவர், பந்து என்று நினைத்து டிப்போக்காரரின் காலை உதைத்திருந்தார். பெனால்டி. மச்சினன் பந்தை வைத்துவிட்டு, கை குலுக்குவதுபோல் கிட்டே வந்து கிசுகிசுத்தான்: “மாமா, உங்க வலது பக்கம் அடிக்கிறேன். நீங்க கண்ணை மூடிட்டு இடது பக்கம் விழுங்க. அக்கா பெட்டியை வாசல்ல கட்டி வச்சிட்டுத்தான் வந்திருக்கு. என்னைக் காப்பாத்துங்க.”

ஃபிட்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“என்ன சொல்றான் அவன்?”

“வலது பக்கம் அடிக்கிறானாம். என்னை இடது பக்கம் விழச் சொல்றான்.”

“அவன் சொன்னா விழுந்துடுவீங்களா?”

“நீதானே தோத்துட்டு வரச் சொன்னே?”

“தோக்கத்தான் சொன்னேன். என் தம்பிகிட்டத் தோக்கச் சொன்னேனா? அப்புறம் ஆயுசுக்கும் அவன் அலட்டலை யாரு கேக்குறது?”

“அப்ப பிடிக்கட்டுமா?”

“பிடிச்சா நான் எப்படி வீட்டுக்கு வர்றது?”

“அப்ப விடட்டுமா?”

அவள் வலையின் கண்ணிகளுக்குள் பத்து விரலையும் கோத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்தாள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். மச்சினன் ஐந்தடி பின்னால் போய், வாக்குத் தவறாமல் வலது பக்கம் அடித்தான். ஃபிட்டரின் கால்கள் இடது பக்கம் கிளம்பின, கைகள் வலது பக்கம் கிளம்பின. நடுவில் அந்தரத்தில் அவர் தொங்கிய அந்த நொடியில் பின்னாலிருந்து அவள் ஏதோ கத்தினாள். பந்து நெருங்கி வந்தது. அவளுடைய பிடியில் வலை முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்தது.

குடிநீர் அலுவலகத்து ஃபிட்டருக்குக் கல்யாணமே ஆகவில்லை. சொல்பவன் வாயில் இப்போது அந்த நாலு பல்லும் இல்லை.