ஓடாத தாளம்

தான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலின் காரில் உட்கார்ந்து தன் ஆல்பத்தைத் தானே கேட்டுக்கொண்டிருந்த இடிக்கு முதல் பாட்டிலேயே எங்கேயோ உதைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நாலு பையன்கள் சேர்ந்து போட்ட ஒரே ராக் ஆல்பம் அது. அதில் டிரம்ஸ் அவன்; இடி என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். வாங்கியதென்னவோ சொந்தக்காரர்கள்தான். இப்போது எந்தக் காற்று அடித்ததோ, பழைய ஆல்பங்களைத் தோண்டி எடுக்கிற கம்பெனி ஒன்று அதன் ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறது. டிரம்ஸ் வாசித்தவன் மகா கெட்டிக்காரன் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதியும் விட்டார். சாயங்காலம் பேட்டிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து இடிக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் அவன் சாதித்தது என்று சொல்ல அந்த ஒன்றுதான் இருந்தது.

வம்பு என்னவென்றால், ஒலி சுத்தமானதும் தாளமும் சுத்தமாகக் கேட்டது. இடியின் தாளம் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. பல்லவி வந்தால் போதும், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடுவான். ஓடாதே என்று கத்திக் கத்தியே பாடகனுக்குத் தொண்டை கட்டும். ஆல்பத்திலோ எந்தப் பாட்டிலும் தாளம் ஓடவில்லை. அந்தக் காலத்துக் கேசட் இரைச்சலில் இது யாருக்குத் தெரிந்தது? ரெக்கார்டிங் முடிந்த மறுநாள் மஞ்சள்காமாலையில் படுத்தவன், எழுந்து பார்த்தபோது கேசட் கடைக்கு வந்திருந்தது. நடுவில் என்ன நடந்தது?

சந்தேகம் நேராகக் கம்பி மேல் போய் உட்கார்ந்தது. கிடார் வாசித்தவன் அவன். பிற்பாடு இடியின் தங்கையைக் கட்டி மச்சானும் ஆனவன். ஃபோனில் கேட்டால், சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டான். எவனையோ கூட்டிவந்து வாசிக்க வைத்திருக்கிறான், படுபாவி. தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டதே நம் வாயை அடைக்கத்தானோ என்றுகூட இடிக்குத் தோன்றியது. சந்தேகம் என்று வந்துவிட்டால் அதற்குக் கண்மண் தெரியாது.

வீட்டுக்கே போனான். முன்னறையில் தங்கை தையல் மேஜை மேல் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். இடியைக் கண்டதும் கம்பி, மொட்டை மாடியில் ஏதோ வேலை இருப்பதாக முனகிவிட்டு நழுவினான்.

"உன் புருஷன் யாரை வெச்சு வாசிச்சான்? உண்மையைச் சொல்லு."

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "என்னை வெச்சுதான், அண்ணா."

அண்ணன் வெளியே போகும்போதெல்லாம் அவனுடைய டிரம்ஸில் அவள் தட்டிப் பழகியதைச் சொன்னாள். அண்ணன் வாசித்தது தேறாது என்று ஸ்டூடியோக்காரர் கையை விரித்ததும், கம்பி வந்து கெஞ்சி அழைத்துப்போனதைச் சொன்னாள். படுக்கையில் கிடக்கிறவனிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டு, அப்புறம் சொல்லவே முடியாமல் போனதாம்.

"கதை விடாதே. வாசிச்சுக் காட்டு."

அவள் இரண்டு மர ஸ்கேல்களை எடுத்து மேஜை விளிம்பில் ஆரம்பித்தாள். தாளம் தப்பட்டும், தப்பட்டும் என்று இடி மனதுக்குள் வேண்டிக்கொண்டான். கூடப் பிறந்தவள் என்ற இரக்கம்கூட வரவில்லை. பல்லவி வந்தது. அவள் ஓடவில்லை.

இத்தனை நன்றாக வாசிப்பவள் ஏன் விட்டாள் என்று கேட்டான்.

"கேசட்டைக் கேட்டுட்டு அப்பாவுக்குத் தலைகால் புரியலை. பையன் எப்படி வாசிச்சிருக்கான்னு உனக்குப் புது டிரம்ஸ் வாங்கிக் குடுத்தாரு. நான் தொடக் கூடாதுன்னு அதைப் பூட்டியும் வெச்சாரு. வீட்டுக்கு ஒரு டிரம்மர் போதும்னாரு."

அந்தப் புது டிரம்ஸை அவன் அலுத்துப்போய் விற்றே பல வருடம் ஆகியிருந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, அவளிடம் கோபப்பட ஒன்றுமே கிடைக்காததுதான் தாங்கவில்லை.

ஃபோன் அடித்தது. பத்திரிகைக்காரர்.

"நீயே பேசு" என்று அவளிடம் நீட்டினான். அவள் வாங்கக் கையை நீட்டினாள். இடியின் விரல்கள் ஃபோனை விடவில்லை.