வாசலைத் தாண்டாத நாற்காலி

பிலோமினா வீட்டு நாற்காலி வாசலைத் தாண்டாது என்பது பழவேற்காட்டுக் குப்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த வேடிக்கை. செய்தவர் அவள் புருஷன் யாக்கோப் துரை. உலாந்தாக்காரர்களுக்கு, அதாவது டச்சு வியாபாரிகளுக்கு, கிடங்கும் மாளிகையும் கட்டிக்கொடுத்த மனிதர், மீன்கார வீட்டில் பெண் எடுத்து ஏரிக்கரையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். அவர் கட்டிய வாசல் வளைவு எப்படியோ அப்படியே நாற்காலியின் முதுகு, தாழ்வாரத் தூண் எப்படியோ அப்படியே அதன் கால். நாற்காலி என்பது சின்ன வீடு என்பார்.

எல்லாம் சரி, அளவில் கோட்டை விட்டாரே! இருவர் உட்காரும் அகலத்தில் கூடத்திலேயே வைத்துச் செய்துவிட்டார். வாசலோ ஒடுக்கம். ஊரே சிரித்தது.

"இது எப்புடி துரை வெளிய போவும்?" என்று கேட்டாள் பிலோமினா.

"ஏன் போகணும்? நீயும் போறதில்ல, அதுவும் போறதில்ல" என்றார்.

அந்தப் பேச்சு அவளுக்குத் தேனாக இனித்தது. உட்கார்ந்தால் நார் குத்துகிறது என்று அன்றைக்கே பஞ்சு மெத்தை வைத்து இறுக்கித் தைத்துவிட்டாள்.

துரை மண்ணுக்குள் போய்ப் பல மழைக்காலம் ஆயிற்று. இந்த ஐப்பசியில் முகத்துவாரம் இடம் மாறி, ஏரி பின்சுவரைத் தின்ன ஆரம்பித்தது. தம்பி சாலமன் காட்டூர்ப் பக்கம் மேட்டில் இடம் பார்த்துவிட்டுப் படகோடு வந்து நின்றான்.

"காலை அறுத்துட்டா நாற்காலி வந்துரும்க்கா."

"கைய வெச்சுப் பாரு!"

"அப்ப வாசல இடிக்கிறேன்."

"அது அவரு கட்டுனதுடா."

"ரெண்டும் வேணாம்னா இன்னாதான் பண்ணப்போற? வீடு வுழப்போவுது!"

"நானும் இங்கயே கெடக்குறேன். நீ போ" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் மெத்தை சொதசொதவென்றது. ஓட்டுக்கூரை ஒழுகி ஊறிப்போயிருந்தது. எரிச்சலோடு எழுந்து அதைப் பிய்த்து எறிந்தாள்.

கீழே பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றுத் தையல். ஓர் ஆணி கிடையாது.

"அக்கா, இது நம்ம படகுத் தையலு!" என்று கூவினான் சாலமன்.

அந்தக் கரையில் படகுக்கு ஆணி அடிப்பதில்லை. பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள், பருவம் முடிந்தால் தையலைப் பிரித்துப் பலகையாகவே வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். குப்பத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த வேலை. அதைத் தன் கையாலேயே மெத்தை போட்டு மூடிவிட்டு இத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்!

வாசல் அளவு தெரியாதவரா அவர்? தண்ணீர் ஒருநாள் வரும் என்று கரையைப் பார்த்ததுமே கண்டுகொண்டிருக்கிறார். வீட்டை நிற்கக் கட்டினார், நாற்காலியைப் போகச் செய்தார். பிலோமினாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாவி மனுசா! நான் கெளம்புவேன்னு அப்பவே தெரியுமா உனக்கு?"

சாலமன் கத்தியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. முடிச்சு முடிச்சாக விரலாலேயே அவிழ்த்தாள். பலகைகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின.

படகில் வளைந்த முதுகுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். கரையில் அந்த வாசல் சிறுத்துக்கொண்டே போனது.

"அங்க போனதும் மொதல்ல இத்தத் தெச்சிக் குடுடா" என்றாள். "அப்பால வூடு கட்டு. வாசல மட்டும் ஒடுக்கமா வெய்யி."