நான்கு நிமிடம் வலப்பக்கம்

1

கணக்குப் பாடத்தில் வரைபடம் போடும்போது என் மகள் கேட்ட கேள்வியில் பிறந்த கதை இது. "நேரத்துலருந்து நாலைக் கழிச்சா கோடு ஏம்ப்பா வலப்பக்கம் போகுது? இடப்பக்கம்தானே போகணும்?" எனக்கு விடை தெரியவில்லை. கதை சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன்.

2

ரயில் கால அட்டவணை போடும் அலுவலகம். சுவர் நிறைய ஒரு வரைபடம். கிடையாக நேரம், மேல்நோக்கித் தூரம். ஒவ்வொரு சாய்கோடும் ஒரு வண்டி. கோடு வரைபவள் தங்கை. அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிறவள் அவளுடைய அக்கா.

அம்மா கண்மூடியபோது அக்கா வண்டியில் இருந்தாள். "உனக்கு அம்மாவவிட வண்டிதான் பெருசு" என்றாள் தங்கை. அதோடு பேச்சு நின்றது.

பாலத்தில் பழுதுவேலை வந்தது. "அந்தச் சாயங்கால வண்டிய நாலு நிமிஷம் தள்ளி வைம்மா" என்றார் மேலதிகாரி. அக்காவின் வண்டி.

(முதல் வரைவில் கோட்டை மேலே தூக்கிவிட்டேன், வண்டி வேறு ஊரிலிருந்து கிளம்பியது. அடுத்ததில் நேரத்தை இரண்டால் பெருக்கினேன். கோடு நெருங்கிச் செங்குத்தாகி, வண்டி பறந்தது. இரண்டையும் கிழித்தேன்.)

3

தங்கை அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் நான்கு நிமிடம் வலப்பக்கம் நகர்த்தினாள். உயரம் மாறவில்லை, சாய்வும் மாறவில்லை; அதே ஊர்கள், அதே வேகம். அக்கா இப்போது எங்கே என்று அறிய, நான்கு நிமிடம் முன்பு அவள் எங்கே இருந்திருப்பாள் என்று பழைய கோட்டில் பார்க்க வேண்டும். (மகளே, கழித்தல் இதற்குத்தான்.)

நகர்ந்த கோடு, தங்கை வீடு திரும்பும் வண்டியின் கோட்டை ஒரு நிலையத்தில் தொட்டது; இனி இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே நிற்கும். அவள் கண்களில் கண்ணீர் தளும்

இல்லை. அவள் பென்சிலைச் சீவினாள்.

4

மறுநாள் வீடு திரும்பும்போது தங்கை தன் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஏறினாள். அந்த நிலையத்தில், ஜன்னலுக்கு அப்பால், எதிர்வண்டியின் எஞ்சின் மெல்ல வந்து நின்றது. மஞ்சள் வெளிச்சத்தில் எது நகர்கிறது, எது நிற்கிறது என்றே தெரியவில்லை.

"இளைச்சுட்ட" என்றாள் அக்கா.

"நீயும்தான்."

"வண்டியத் தள்ளி வெச்சது நீயா?"

"பால வேலைக்காக."

அக்கா கைப்பிடியைத் துணியால் துடைத்தாள். "அன்னிக்கு மாத்தி ஓட்ட ஆள் கிடைக்கலடி. அத்தன பேர நடுவழியில விட்டுட்டு எப்படி வர்றது?"

"தெரியும்க்கா" என்றாள் தங்கை. "அன்னிக்கே தெரியும்."

சிக்னல் விழுந்தது.

5

அப்புறம் தினமும் ஜன்னலோடு ஜன்னல் பேச்சு. போன் இல்லையா என்பீர்கள். நானும் கேட்டேன். போனில் "அப்புறம்?" என்பதைத் தாண்டி இருவருக்கும் வார்த்தை வரவில்லை.

பாலம் சரியாகிவிட்டது. "பழையபடி ஆக்கிடும்மா. ஜனங்க தினமும் லேட்டாப் போறாங்க" என்கிறார் மேலதிகாரி.

ஒரு முடிவில், அவள் கோட்டைத் தொடவில்லை. இன்னொன்றில், இடப்பக்கம் தள்ளிவிட்டு, விடுமுறையன்று அக்கா வீட்டு அழைப்புமணியை அழுத்துகிறாள். உள்ளே காலடிச் சத்தம், பிறகு

இரண்டுமே என் கைக்கு அடங்கவில்லை. இதோ, அழிப்பானோடு வரைபடத்தின் முன் நிற்கிறாள். அக்காவின் வண்டியில் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களையும் நினைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள், எந்தப் பக்கம்?